கல்வித் தலைமை அதிகாரியின் ஊதியம்: தொகை பேசும் முன் பள்ளி வாரியம் முடிக்க வேண்டிய வேலைகள்

பள்ளி வாரியங்கள் தங்கள் தலைமை அதிகாரியின் ஊதியத்தைப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் தவறான வேளையில்தான். விண்ணப்பங்கள் வந்து, நேர்முகத் தேர்வு முடிந்து, உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒருவரைப் பிடித்துப்போய், அவர் தன் எதிர்பார்ப்பைச் சொன்ன பிறகு "இந்தத் தொகை நியாயமா?" என்ற கேள்வி எழுகிறது. அதற்குள் வாரியத்தின் பிடி தளர்ந்துவிடும். இவரை விட்டால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டுமே என்ற அச்சம்தான் அதன்பின் பேரத்தை நடத்தும். ஊதியம் நியாயமாக இருக்க வேண்டுமென்றால், ஆள் யாரென்று தெரியும் முன்பே அளவுகோல் எழுத்தில் இருந்தாக வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

பதவியின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் ஒன்டாரியோவில் கல்வி இயக்குநர், அமெரிக்காவில் சூப்பரின்டென்டென்ட், இங்கிலாந்தின் அகாடமி அறக்கட்டளைகளில் (உள்ளாட்சியின் கீழ் வராமல், அரசு நிதியில் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) தலைமை நிர்வாகி. வேலை ஏறத்தாழ ஒன்றே. பல பள்ளிகள், ஆயிரக்கணக்கான ஊழியர்கள், பெரிய வரவு செலவுத் திட்டம், மேலே தேர்ந்தெடுக்கப்பட்ட அல்லது நியமிக்கப்பட்ட ஒரு வாரியம். சம்பளமாகப் போகும் பணம் மக்களுடையது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரின் சம்பளமும் அதே பையிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் தனியார் நிறுவனத்தில் கேள்வியின்றிக் கடந்துபோகும் ஒரு கார் படிகூட இங்கே பெரிய பேச்சாகிறது. அப்படிப் பேச்சாவதில் தவறே இல்லை.

முதலில் வேலையை அளக்க வேண்டும்

"பெரிய மாவட்டம், அதனால் பெரிய சம்பளம்" என்பது பாதி உண்மை. (மாவட்டம் என்பது இங்கே ஒரு வாரியத்தின் கீழ் வரும் பள்ளிகளின் பகுதி.) மாணவர் எண்ணிக்கை ஒரு அளவு மட்டுமே. ஆண்டுச் செலவு, ஊழியர் எண்ணிக்கை, தனித்தனியாகப் பேச வேண்டிய தொழிற்சங்க ஒப்பந்தங்கள் எத்தனை, பள்ளிகள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன, கட்டுமானப் பணிகள் நடக்கின்றனவா, போக்குவரத்து சொந்தமா குத்தகையா, சிறப்புத் தேவை மாணவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும். ஒரே மாணவர் எண்ணிக்கை உள்ள இரண்டு வாரியங்களில் ஒன்றுக்கு 12 பள்ளிகளும் மற்றொன்றுக்கு 45 பள்ளிகளும் இருந்தால், அவை ஒரே வேலையல்ல.

அளவை எழுத்தில் வைப்பது எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் தலைமையாசிரியர் ஊதிய முறை நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஆசிரியர் ஊதிய ஆவணம் மாணவர்களுக்கு அலகு கொடுக்கிறது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு 7 அலகு. இடைநிலையின் கீழ்ப் பிரிவுக்கு 9, அதற்கு மேல் 11, பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 13. 420 பேர் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு 2,940 அலகு, அது மூன்றாம் குழு. 540 பேர் கீழ்ப் பிரிவிலும் 360 பேர் மேற்பிரிவிலும் உள்ள இடைநிலைப் பள்ளிக்கு 4,860-உம் 3,960-உம் சேர்ந்து 8,820. அது ஆறாம் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஊதிய எல்லை உண்டு. விசேஷ காரணம் இருந்தால் எல்லையைத் தாண்டலாம், ஆனால் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கும் மேலே போக வேண்டுமானால் வெளியாரின் சுதந்திரமான ஆலோசனையும் ஆளும் குழுவின் முழு ஒப்புதலும் தேவை. அலகு எண்களோடு யாரும் வாதாடலாம். ஆனால் எந்தப் பெற்றோரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய கணக்கு அது. அகாடமி அறக்கட்டளைத் தலைவர்களுக்கு இப்படி ஓர் அலகுக் கணக்கு கிடையாது. அங்கே ஊதியச் சர்ச்சைகள் அதிகமாக எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒப்பீட்டுப் பட்டியல்தான் உண்மையான முடிவு

வேலையை அளந்த பிறகு, அதே அளவுள்ள வாரியங்கள் என்ன கொடுக்கின்றன என்று பார்க்கிறோம். ஊதியம் உண்மையில் இங்கேதான் முடிவாகிறது. பட்டியலில் யார் என்பது முடிவானதுமே தொகையும் பாதி முடிவாகிவிடும். அதனால்தான் பட்டியலைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒன்பது வாரியங்களின் அடிப்படை ஊதியத்தை ஆயிரங்களில் ஏறுவரிசையில் எழுதுவோம்: 168, 174, 181, 186, 190, 197, 205, 214, 240. நடுவில் இருப்பது 190, அதுவே இடைநிலை அளவு. கூட்டிச் சராசரி எடுத்தால் 195. உச்சியில் இருக்கும் 240 ஒன்றே சராசரியை மேலே இழுத்திருக்கிறது. இப்போது "இந்த இரண்டும் நம்மைப் போன்றவை அல்ல" என்று சொல்லி 168-ஐயும் 174-ஐயும் எடுத்துவிட்டு, கொஞ்சம் பெரிய வாரியங்கள் இரண்டை, 225-உம் 236-உம் கொடுப்பவற்றைச் சேர்க்கிறோம். இடைநிலை 190-லிருந்து 205-க்குத் தாவுகிறது. இரண்டு பெயர்களை மாற்றியதில் கிட்டத்தட்ட 8 சதவீத உயர்வு. யாரும் பொய் சொல்லவில்லை, எந்த எண்ணும் தவறில்லை. கூட்டத்துக்கு வந்த அறிக்கையில் "சந்தையின் இடைநிலைக்கு ஏற்ப" என்ற வரி மட்டும் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எந்த அளவை இலக்காகப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். மேலே உள்ள பட்டியலில் இடைநிலைக்குக் கீழே இருக்கும் எல்லோரும் 190-க்கு ஏறினாலும் இடைநிலை 190-ஆகவே நிற்கும். சராசரியை இலக்காக வைத்து, கீழே இருப்பவர்கள் எல்லோரும் 195-க்கு ஏறினால் புதிய சராசரி 203-ஐத் தாண்டும். மறுபடி எல்லோரும் பின்தங்கியவர்கள் ஆகிவிடுவார்கள். "எங்களுக்குத் திறமையானவர் வேண்டும், அதனால் 75-ஆம் நூற்றுமானம்" என்று எல்லா வாரியங்களும் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். 75-ஆம் நூற்றுமானம், அதாவது பட்டியலில் முக்கால் பங்கினர் தாண்டாத அளவு, இங்கே 205. கீழே உள்ள ஆறு பேரும் அதற்கு ஏறியதும் இடைநிலையே 205 ஆகிவிடும். ஒரே சுற்றில் மொத்தச் சந்தையும் நகர்ந்துவிட்டது, யாருக்கும் கூடுதல் திறமையாளர் கிடைத்துவிடவில்லை. எனவே பொதுப் பள்ளிகளுக்கு இடைநிலையே உச்சவரம்பு என்பதை நான் உறுதியாக ஆதரிக்கிறேன்.

ஒன்டாரியோ 2016-இல் இதைச் சட்டமாகவே செய்தது. 2014-ஆம் ஆண்டின் பரந்த பொதுத்துறை நிர்வாகிகள் ஊதியச் சட்டத்தின் கீழ் வந்த 304/16 ஒழுங்குமுறைப்படி, பள்ளி வாரியம் உட்பட ஒவ்வொரு அமைப்பும் குறைந்தது எட்டு ஒப்பீட்டு அமைப்புகளைக் காட்ட வேண்டும். ஊதிய உச்சி அவற்றின் 50-ஆம் நூற்றுமானத்தை, அதாவது இடைநிலையை, தாண்டக் கூடாது. திட்டத்தை முன்கூட்டியே வெளியிட்டு 30 நாள் பொதுமக்கள் கருத்துக் கேட்க வேண்டும். பணியில் சேர்வதற்கு ஊக்கத்தொகை, விட்டுப் போகாமல் இருக்க ஊக்கத்தொகை, சலுகைகளுக்குப் பதில் ரொக்கம் ஆகியவற்றுக்குத் தடை. பணி முடிவுத் தொகை 24 மாத அடிப்படை ஊதியத்துக்கு மேல் போகக் கூடாது. செய்ய வேண்டியதை ஏறத்தாழ முழுமையாக எழுதிய விதி அது. 2018 ஆகஸ்டில் அரசு மாறிய கையோடு புதிய ஒழுங்குமுறை வந்து ஊதியங்களை அப்படியே உறையவைத்தது. உறைநிலை பார்க்கச் சிக்கனமாகத் தெரியும். ஆனால் மேலே உறைந்து கீழே ஆண்டுதோறும் ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சற்றுக் கீழே பார்க்கலாம்.

பட்டியலுக்கான தரவில் வழக்கமாக நடக்கும் பிழை இன்னொன்று உண்டு. சிலருடையது ஒப்பந்தத்தில் எழுதிய ஊதியம், சிலருடையது அந்த ஆண்டில் உண்மையில் கையில் போன தொகை. இரண்டையும் ஒரே நிரலில் போட்டுவிடுவார்கள். ஆண்டு நடுவில் ஓய்வுபெற்று, சேர்ந்திருந்த ஈட்டிய விடுப்பையெல்லாம் ஒப்படைத்துப் பணம் வாங்கியவரின் தொகை பல பத்து சதவீதம் வீங்கியிருக்கும். நிலுவைத் தொகை வாங்கியவருக்கும் அப்படியே. எல்லாமே ஒப்பந்த அடிப்படை ஊதியமாக, ஒரே நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஓராண்டு பழைய எண் கிடைத்தால், அதை எத்தனை சதவீதம் ஏற்றி இன்றைக்குக் கொண்டுவந்தோம் என்பதையும் அதே அட்டவணையில் காட்ட வேண்டும்.

கீழிருந்தும் பார்க்க வேண்டும்

சந்தை 190 என்று சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை உச்சியாக வைத்து, அதில் 85 சதவீதத்தைத் தொடக்கமாக எடுத்தால் 162. நடுவில் சம இடைவெளியில் படிநிலைகள்: 162, 169, 176, 183, 190. அனுபவம் குறைந்தவர் கீழே சேர்ந்து, ஆண்டு மதிப்பீடு திருப்தியாக இருந்தால் ஒவ்வொரு படியாக ஏறுவார். இந்த ஐந்து எண்களும் விளம்பரத்திலேயே இருந்தால் பேரம் பேச இருப்பது எந்தப் படியில் தொடங்குவது என்பது மட்டுமே. அதற்கும் எத்தனை ஆண்டு அனுபவத்துக்கு எந்தப் படி என்று ஒரு வரி எழுதிவிடலாம்.

இந்த ஐந்து எண்களையும் கீழே வேலை செய்பவர்களின் ஊதியத்தோடு ஒப்பிடாமல் முடித்துவிடக் கூடாது. அதே மாவட்டத்தில் பெரிய உயர்நிலைப் பள்ளி முதல்வர் 158 ஆயிரம் வாங்குகிறார், ஆண்டில் 215 நாள் வேலை. தலைமை அதிகாரிக்கு 240 நாள். முதல்வரின் ஒரு நாள் ஊதியம் 735. தலைமை அதிகாரி 162-இல் தொடங்கினால் ஒரு நாளுக்கு 675. பதவி உயர்வு என்ற பெயரில் நாளுக்கு 60 குறைகிறது, மாலை நேரக் கூட்டங்களும் வழக்குகளும் கூடவே வருகின்றன. மூன்றாம் படியான 176-இல் தொடங்கினால்தான் 733, அதாவது ஏறக்குறைய பழைய நாள் ஊதியம். உள்ளேயிருந்து நல்ல முதல்வர்கள் விண்ணப்பிக்கவில்லையே என்று வாரியங்கள் வருந்துவதைப் பார்க்கிறோம். இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். மேலே ஊதியத்தை ஆண்டுக்கணக்கில் உறையவைப்பதால் வரும் தீங்கும் இதுவே. முதல்வர்களின் ஊதியம் ஒப்பந்தப்படி ஏறிக்கொண்டே வந்து தலைமையின் ஊதியத்தைத் தொட்டுவிடும். மேலே போக யாருக்கும் காரணம் இருக்காது.

நியூஜெர்சி மாநிலம் இன்னொரு வழியில் இதே சுவரில் மோதியது. 2011-இல் அங்கே சூப்பரின்டென்டென்ட் ஊதியத்துக்கு மாணவர் எண்ணிக்கையை வைத்து உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். 250 பேருக்கு உட்பட்ட மாவட்டத்துக்கு 1,25,000 டாலர் என்று தொடங்கி, 10,000 பேர் வரை உள்ள மாவட்டத்துக்கு 1,75,000 டாலர் வரை. எளிமையானது, வெளிப்படையானது, யாருக்கும் புரியும். ஆனால் பக்கத்து மாநிலங்களான நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் அப்படி வரம்பு இல்லை. அனுபவசாலிகள் எல்லை தாண்டிப் போனார்கள், தலைமை அடிக்கடி மாறியது. 2017-இல் வரம்பைத் தளர்த்தி, 2019-இல் முற்றிலும் நீக்கிவிட்டார்கள். மாணவர் எண்ணிக்கை ஒன்றையே அளவாக வைத்ததும், வரம்பைப் புதுப்பிக்கும் விதி உறுதியாக இல்லாததும்தான் அதன் கோளாறு என்பேன். வரம்பு வைப்பதில் தவறில்லை. அது எதனோடு சேர்ந்து ஏறும் என்பதையும் அன்றே எழுதியிருக்க வேண்டும்.

அடிப்படை ஊதியம் என்ற திரை

இந்த விஷயத்தில் மிகப் பெரிய மறைவிடம் இதுதான். செய்தியில் வருவது அடிப்படை ஊதியம். மாவட்டம் செலவழிப்பது வேறு தொகை.

அடிப்படை 1,90,000 என்று வைப்போம். ஓய்வூதியத்துக்கு ஊழியர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய 8 சதவீதப் பங்கையும் வாரியமே கட்டும் என்று ஒரு வரி. அது 15,200. கார் படி 9,000. தனி ஓய்வுக்கால முதலீட்டுக் கணக்குக்கு 12,000. பயன்படுத்தாத விடுப்பில் ஆண்டுக்கு 20 நாளைப் பணமாக்கலாம் என்று இன்னொரு வரி. நாள் ஊதியத்தை 240-ஆல் வகுத்துக் கண்டால் 15,833. எல்லாம் சேர்த்து 2,42,033. தலைப்பில் வந்த தொகையைவிட 27 சதவீதம் அதிகம். வகுக்கும் எண் 240-ஆ 260-ஆ என்பதுகூட ஒப்பந்தத்தில் எழுதாமல் விடப்படும். 260-ஆல் வகுத்தால் அதே விடுப்பு 14,615 ஆகும். இது சின்ன வித்தியாசம்தான். ஆனால் பணி முடியும்போது நூறு நாள் விடுப்பு சேர்ந்திருந்தால் அது சின்னதாக இருக்காது.

கலிபோர்னியாவின் சென்டினெலா வேலி மாவட்டம் இதற்கு மறக்க முடியாத சான்று. சுமார் 6,600 மாணவர்கள் உள்ள சிறிய மாவட்டம். அதன் சூப்பரின்டென்டென்டின் அடிப்படை ஊதியம் சுமார் 2,71,000 டாலர். 2013-இல் அவர் பெற்ற மொத்தம் 6,63,000 டாலருக்கு மேல். அதற்கு மேல் வீடு வாங்க மாவட்டமே 2 சதவீத வட்டியில் 9 லட்சம் டாலருக்கு மேல் கடனும் கொடுத்திருந்தது. ஒப்பந்தத்துக்கு வாரியமே ஒப்புதல் அளித்திருந்தது. அதன் வரிகளைக் கூட்டி மொத்தம் எவ்வளவு என்று மக்கள் முன் வைத்தது டெய்லி பிரீஸ் என்ற உள்ளூர் நாளிதழ். அந்தச் செய்திகளுக்கு 2015-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஒரு பத்திரிகை செய்ய வேண்டியிருந்த அந்தக் கூட்டலை வாரியம் வாக்களிப்பதற்கு முன்பே செய்திருக்கலாம்.

ஆகவே ஒப்பந்தத்தோடு ஒரே ஒரு பக்கம் இணைக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் ஆண்டுக்கு எவ்வளவு, ஒப்பந்தக் காலம் முழுக்க எவ்வளவு, எது ஓய்வூதியக் கணக்கில் சேரும், எது சேராது. கடைசிக் கேள்வி மிக முக்கியம். இறுதி ஆண்டுகளின் ஊதியத்தை வைத்து ஓய்வூதியம் கணக்கிடும் இடங்களில், படிகளைக் கடைசி ஆண்டில் அடிப்படை ஊதியத்தோடு சேர்த்துவிட்டால் அந்த ஓராண்டு உயர்வுக்கு ஆயுள் முழுக்கப் பணம் கட்ட நேரும். அதைக் கட்டுவது அந்த வாரியமாகக்கூட இருக்காது, பொது ஓய்வூதிய நிதியாக இருக்கும். என்னைக் கேட்டால், தனித்தனிப் படிகளை ஒழித்துவிட்டு, அவற்றின் மதிப்பை வெளிப்படையாக ஒரே ஊதியத்தில் காட்டுவதே சரி. பயணச் செலவைப் பில் வைத்துத் திரும்பப் பெறட்டும்.

ஒரே சதவீதம், விரியும் இடைவெளி

"ஆசிரியர்களுக்கு என்ன சதவீதமோ அதேதான் தலைமைக்கும்" என்ற விதி கேட்க நியாயமாக இருக்கும். 60,000 வாங்கும் ஆசிரியருக்கும் 1,90,000 வாங்கும் தலைமைக்கும் ஆண்டுக்கு 3 சதவீதம் வீதம் ஐந்து முறை கொடுத்தால், ஆசிரியர் 69,556-க்கு வருவார், தலைமை 2,20,262-க்குப் போவார். இடைவெளி 1,30,000-லிருந்து 1,50,706 ஆகிறது. இதைவிடப் பெரிய கோளாறு, ஆசிரியர் சங்கத்தோடு வாரியத்தின் சார்பில் பேச்சுவார்த்தைக்கு உட்காருபவர் அதே தலைமை அதிகாரி என்பது. சங்கம் பெறும் உயர்வு அவருக்கும் வரும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது நேரடியான நலன் முரண். தலைமையின் உயர்வைப் படிநிலையோடு மட்டும் கட்டிவிட்டு, படிநிலை அட்டவணையை மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதே ஒப்பீட்டுப் பட்டியலை வைத்துத் திருத்துவது சுத்தமானது. பட்டியலில் ஒரு பெயரை மாற்றினால், மாற்றாதிருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

செயல்திறன் ஊக்கத்தொகை பற்றி எனக்கு ஆழ்ந்த சந்தேகம் உண்டு. தேர்வு மதிப்பெண்ணோடு கட்டிய ஊக்கத்தொகை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளி மாவட்டம் காட்டிவிட்டது. 2011-இல் ஜார்ஜியா மாநில விசாரணை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் முதல்வர்களும் விடைத்தாள் மோசடியில் ஈடுபட்டதாகக் கண்டறிந்தது. அதே காலத்தில் மாவட்டத் தலைமை பெற்ற ஊக்கத்தொகைகள் 5 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தன. பணம் ஒரே எண்ணின் மேல் இருந்தால், மேலிருந்து கீழ்வரை எல்லோரும் அந்த எண்ணைத்தான் திருத்துவார்கள். கடைசியில் இழந்தது, தேர்ச்சி பெற்றதாக எழுதப்பட்டு உதவி மறுக்கப்பட்ட பிள்ளைகள். ஊக்கத்தொகை இருந்தே தீர வேண்டும் என்றால், அது ஊதியத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாமல், ஓராண்டு எண்ணை நம்பாமல், வெளி ஆள் சரிபார்த்த பிறகே தரப்படுவதாக இருக்கட்டும்.

யார், எந்த வரிசையில், எந்தக் கூட்டத்தில்

ஊதியக் குழுவுக்கு மூன்று பேர் போதும். குறைந்தது ஒருவர் நிதி தெரிந்தவராக, முடிந்தால் வாரியத்துக்கு வெளியே இருந்து வருபவராக இருக்க வேண்டும். தரவு சேகரிக்க ஆலோசகரை அமர்த்தினால், அவரை நியமிப்பதும் அவருக்குப் பணம் கொடுப்பதும் அறிக்கையைப் பெறுவதும் வாரியமாக இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு வேறு வேலை செய்துகொண்டிருக்கும் ஆலோசகர் கூடாது. பல இடங்களில் இந்தக் கணக்கை மனிதவளப் பிரிவுத் தலைவரே போட்டுத் தருகிறார். அவரோ தலைமை அதிகாரியின் கீழ் வேலை செய்பவர். தன் மேலதிகாரியின் சம்பளத்தைத் தானே கணக்கிடும் நிலையில் ஒரு நேர்மையான ஊழியரை வைப்பதே அநியாயம். அத்தோடு, தலைமையின் ஊதியம் ஏறினால் துணைப் பதவிகளின் ஊதியமும் பெரும்பாலும் கூடவே ஏறும்.

வரிசை இப்படி இருக்கலாம். ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்னால், தலைமை அதிகாரி இல்லாத அறையில், குழு ஒப்பீட்டு அளவுகளைத் தீர்மானிக்கிறது. அந்த அளவுகளை வாரியம் திறந்த கூட்டத்தில் ஏற்றுக்கொள்கிறது. அப்போது கையில் ஒரு சம்பள எண்ணும் இருக்கக் கூடாது, அளவுகள் மட்டுமே. அதற்குப் பிறகு தரவு, பிறகு படிநிலை அட்டவணை. அட்டவணையும் பட்டியலும் கணக்கும் ஒரு மாதம் மக்கள் பார்வைக்கு. வந்த கேள்விகளுக்கான பதிலும் அதே இடத்தில். அதற்குப் பின்னரே ஆளோடு பேச்சு. இறுதி ஒப்பந்தத்தின் முழு வாசகமும் மொத்தச் செலவுப் பக்கமும் வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்னால் நிகழ்ச்சி நிரலோடு வெளியாக வேண்டும். முந்தைய இரவு வெளியிட்டால் யாராலும் படிக்க முடியாது.

கலிபோர்னியாவின் சட்டங்கள் இந்த இடத்தில் கற்றுக்கொள்ளத்தக்கவை. பெல் என்ற சிறு நகரத்தின் நிர்வாகிகள் எடுத்துக்கொண்ட ஊதியம் 2010-இல் வெளியாகி மாநிலமே கொதித்த பிறகு, உள்ளாட்சி நிர்வாகிகளின் ஊதியத்தைச் சிறப்புக் கூட்டத்தில் பேசவே தடை வந்தது. குறுகிய அறிவிப்பில் கூட்டுவதுதான் சிறப்புக் கூட்டம், ஆட்கள் வராமல் முடித்துவிட அதுவே வசதி. வழக்கமான கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும். இறுதி முடிவுக்கு முன்னால் ஊதியத்தின் சுருக்கத்தை வாய்மொழியாகக் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும் என்ற விதி 2017-லிருந்து நடப்பில் உள்ளது. இரண்டே நிமிட வேலை. ஆனால் "இணைப்பில் உள்ளது, ஒப்புதல் தருகிறோம்" என்று ஒரே மூச்சில் இருபது விஷயங்களோடு கடந்துபோவதை அது நிறுத்திவிடுகிறது.

பெயர்ப் பட்டியல் வெளியிடுவதே வெளிப்படைத்தன்மை என்று நினைப்பவர்களும் உண்டு. ஒன்டாரியோ 1996-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31-க்குள், ஒரு லட்சம் டாலரோ அதற்கு மேலோ வாங்கும் பொதுத்துறை ஊழியர்களின் பெயர், பதவி, பெற்ற ஊதியம் எல்லாவற்றையும் வெளியிடுகிறது. அந்த ஒரு லட்சம் இன்றுவரை மாறவே இல்லை. விலைவாசியைக் கணக்கிட்டால் 1996-இன் ஒரு லட்சம் 2024-இல் சுமார் 1,80,000. விளைவு, ஊதிய அட்டவணையின் உச்சியைத் தொட்ட சாதாரண வகுப்பாசிரியர்களும் பட்டியலில் வருகிறார்கள். நீண்ட அந்தப் பட்டியலில் தலைமை அதிகாரியின் வரியைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. கிடைத்தாலும் அது பெற்ற தொகை மட்டுமே. எந்த ஒப்பந்தப்படி, எந்தக் கணக்கின்படி என்பது அங்கே இல்லை. பட்டியல் இருக்கட்டும், நல்லதே. தலைமைப் பதவிகள் நான்கைந்துக்கு மட்டும் காரணத்தோடு கூடிய தனி அறிக்கை அதைவிடப் பத்து மடங்கு பயன்.

பிரியும் நாளுக்கான வரிகள்

எல்லோரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்திடும் நாளில் யாரும் இந்தப் பக்கத்தைக் கவனமாகப் படிப்பதில்லை. நான்கு ஆண்டு ஒப்பந்தத்தின் முதல் ஆண்டிலேயே வாரியத்துக்கும் தலைமைக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், மீதி மூன்று ஆண்டுச் சம்பளத்தையும் கொடுத்து அனுப்ப நேரும். புதியவருக்கும் சம்பளம் உண்டு. கலிபோர்னியாவில் இதற்கு 18 மாத வரம்பு இருந்தது. 2016 ஜனவரி முதல் கையெழுத்தான சூப்பரின்டென்டென்ட் ஒப்பந்தங்களுக்கு அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். எஞ்சிய காலம் அதற்கும் குறைவாக இருந்தால் அந்தக் காலத்துக்கு மட்டுமே.

இதைக் குலைப்பது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வரி. "மதிப்பீடு திருப்தியாக இருந்தால் ஒப்பந்தம் ஓராண்டு நீளும்" என்று எழுதிவிட்டால், எஞ்சிய காலம் எப்போதும் முழுதாகவே இருக்கும், பிரிவுத் தொகை எந்நாளும் குறையாது. புதுப்பிக்கவில்லை என்று அறிவிக்கும் கெடு நாளை வாரியம் தவறவிட்டால் தானாகவே நீளும் ஒப்பந்தங்களும் உண்டு. அந்தத் தேதியை வாரியச் செயலாளரின் நாட்காட்டியில் மட்டும் வைக்காமல், ஆண்டுக் கூட்ட அட்டவணையிலேயே ஒரு பொருளாகப் போட்டுவிட வேண்டும். பிரிந்து போகும்போது இரு தரப்பும் காரணங்களைப் பேசாமல் இருக்க ஒப்புக்கொள்ளலாம். தொகையை மறைக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஒப்பந்தம் வெளியான பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பெரும்பாலான வாரியங்கள் அதைச் செய்வதில்லை. திருத்தங்கள் தனித்தனித் தீர்மானங்களாகச் சேர்ந்துகொண்டே போகும். மூன்றாம் ஆண்டில் இன்றைய ஒப்பந்தம் என்னவென்று தெரிய நான்கு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் முழு வாசகத்தையும் ஒருங்கிணைத்து மறுபடி வெளியிட வேண்டும். நிதியாண்டு முடிந்ததும் உள் தணிக்கையாளர் சம்பளப் பதிவேடு, வரிச் சான்று, அலுவலகக் கடன் அட்டைச் செலவு, விடுப்புப் பதிவு நான்கையும் அந்த வாசகத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். அறிக்கை தலைமை அலுவலகம் வழியாகப் போகாமல் நேராக நிதிக் குழுத் தலைவரிடம் போக வேண்டும். ஒப்பந்தத் தொகை ஒரு நிரலில், கொடுத்த தொகை அடுத்த நிரலில், வித்தியாசம் மூன்றாவதில். நான்காவது நிரல் அந்த வித்தியாசத்துக்கு எந்தத் தீர்மான எண் ஆதாரம் என்று எழுத. அது வெறுமையாக இருந்தால் பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும்.